வராதவர்களின் பட்டியல்

முதலில் நான்கு எண்கள்: 273, 102, 51, 20.

1990களின் பிற்பகுதியில் சென்னையின் இரண்டு குடியிருப்புகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருவாய்க்காரர்கள் வசித்த பகுதி. மற்றொன்று தி.நகரில் குறைந்த வருவாய்க் குடும்பங்கள் வாழ்ந்த பாரதி நகர். நீரிழிவு மருத்துவர் வி. மோகனின் குழு நடத்திய 'சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு' அது. 20 வயதைத் தாண்டிய 1262 பேரைச் சோதித்ததில் 273 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அப்படி ஒன்று தமக்கு இருப்பதே 102 பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த 102 பேரில் ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டவர்கள் 51 பேர். மருந்து எடுத்தவர்களிலும் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 20 பேர்தான்.

273 பேரில் 20. மருத்துவரே எட்டிப் பார்க்காத குக்கிராமம் ஒன்றின் கணக்காக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் இது சென்னை. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஊர். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வந்தால் கல்யாணி, இசபெல் மருத்துவமனைகள், ராமகிருஷ்ண மடத்தின் தரும மருந்தகம், சற்றுத் தள்ளி ராயப்பேட்டை அரசு மருத்துவமனை என்று வரிசையாக வரும். நடுவில் சந்துக்கொரு டாக்டர் போர்டு. பாண்டி பஜாரில் மருந்துக் கடைக்குப் பஞ்சமே கிடையாது. டாக்டரும் மாத்திரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் 253 பேர் எங்கே நழுவினார்கள்?

'பாதிகளின் விதி' என்று மருத்துவ உலகில் ஒரு வழக்கு உண்டு. கொதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் மருந்து சாப்பிடுவதில்லை, சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கட்டுப்படுவதில்லை. தி.நகர், திருமங்கலம் கணக்கு அந்த விதியைவிடவும் கொஞ்சம் மோசம். நழுவியவர்களின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம், சொல்லியும் வந்திருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருமுனை டாக்டர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்பதிலிருந்துதான் இந்தச் சரிவைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே போவதற்கு முன் அவருடைய அறைக்குள் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மந்தைவெளியிலோ அடையாறு காந்தி நகரிலோ மாலை ஆறரை மணி. பத்துக்குப் பத்து அறை, வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன். உள்ளே போகிறவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். காய்ச்சல்காரருக்கு அது போதும். எழுபது வயது மாமிக்குப் போதாது. அவர் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் சுகர் டாக்டர் எழுதிய சீட்டு, இதய டாக்டர் எழுதிய சீட்டு, முழு உடல் பரிசோதனையின் கனத்த கோப்பு, மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை அட்டை. "டாக்டர், வெறும் வயித்துல நூத்தறுபதுதான். பரவால்லதானே?"

பரவாயில்லையா என்று சொல்ல அந்தப் பை முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூட்டு வலி மாத்திரை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் மெல்லக் கெடுக்கும். சுகர் டாக்டருக்கு அந்த மாத்திரை தெரியாது, இதய டாக்டரிடம் மாமி சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரர் கேட்கவே இல்லை. மூன்று பேர் கொடுத்ததை ஒரே பார்வையில் பார்க்கக்கூடியவர் இந்தப் பத்துக்குப் பத்து அறைக்காரர் ஒருவர்தான். அவரைத்தான் நாம் "வெறும் எம்.பி.பி.எஸ்." என்கிறோம்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும்: நோயாளியின் பஞ்சாங்கம். ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் யார் பட்டினி, கார்த்திகை சோமவாரத்தில் யார் ஒருபொழுது, ராயப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் எந்தப் பெரியவர் ரமலானில் முப்பது நாளும் நோன்பு பிடிப்பார் என்பதெல்லாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால் பூஜையறையிலேயே மயங்கி விழலாம். அதேபோல் பங்குனியில் அறுபத்து மூவர். மயிலாப்பூரில் ஊர்வலம் பார்க்க வருகிறவர்கள் உச்சி வெயிலில் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நிற்பார்கள். நீரிழிவால் காலில் உணர்ச்சி மரத்தவருக்குக் கொப்பளித்தது வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் தெரியும். சென்னையில் 26,001 பேரை வைத்துத் தொடங்கிய பெரிய ஆய்வில், நீரிழிவுக்காரர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. கால் கட்டைவிரலில் நைலான் இழை ஒன்றை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டால் கண்டுபிடித்துவிடலாம். செலவே இல்லாத சோதனை. செய்வதற்கு நோயாளி செருப்பைக் கழற்ற வேண்டும், டாக்டர் குனிய வேண்டும், டோக்கன் வரிசை ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அழுத்தம் பார்ப்பதும் இப்படித்தான். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்வு கொடுத்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது பாடம். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவருக்குச் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவது நடைமுறை. 150 வந்தால், "படி ஏறி வந்தீங்க, அதான். அடுத்த மாசம் பார்ப்போம்." அடுத்த மாதமும் 150 என்றால், "பையன் கல்யாண டென்ஷன்." கூட்ட வேண்டிய மாத்திரை கூட்டப்படாமலே வருஷம் ஓடிவிடும். அந்த 51 பேரில் 31 பேர் கட்டுப்படாமல் போனதில் இந்த "பார்ப்போம்" என்ற சொல்லுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சென்னை வீடுகளில் சுகருக்குக் கிடைக்கும் மரியாதை பிரஷருக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசத்தைத் தள்ளி வைக்கிறவர் அப்பளத்தையும் ஊறுகாயையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். 1998இல் வெளியான பிரிட்டனின் பெரும் நீரிழிவு ஆய்வு, நீரிழிவும் கொதிப்பும் சேர்ந்திருந்த 1148 பேரை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு குழுவின் சராசரி அழுத்தம் 154/87, மற்றதில் 144/82. பத்துப் புள்ளிதான் வித்தியாசம். அதற்கே பக்கவாதம் 44 சதவீதமும் நீரிழிவு சார்ந்த மரணம் 32 சதவீதமும் குறைந்தன. சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையைப் போலவே கொதிப்பும் எமன் என்று அந்த ஆய்வு காட்டி கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மாமியின் முதல் கேள்வி இன்னும் சர்க்கரையைப் பற்றித்தான்.

இவ்வளவும் வந்தவர்களின் கதை. நம் 273இல் பெரும்பகுதி வராதவர்கள்.

மாரடைப்பு தானே வந்து கதவைத் தட்டும். "கேஸ்" என்று நினைத்து சோடா குடித்துத் தாமதித்தாலும், கடைசியில் நோயாளியை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்கு ஏற்பாடும் செய்ய முடிகிறது. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகளை உடனே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாடின் எட்டு. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் அந்தக் கதவு தட்டல் கிடையாது. வலிக்காது. மாத்திரையை நிறுத்தினாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நோயாளி வராமல் போன மாதத்தில்தான் வைத்தியம் தோற்கத் தொடங்குகிறது. அந்த மாதத்தில் டாக்டர் செய்ய வேண்டிய ஒரே வேலை, வராதவர் யார் என்று கண்டுபிடிப்பது.

இதைச் சென்னை ஒருமுறை உலகத்துக்கே செய்து காட்டியிருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கூட்டு. காசம் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியம் என்றிருந்த காலம். 193 நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பேரைச் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே வைத்து அதே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர். வீட்டிலோ அரைவயிறு, வேலை, குழந்தைகள். 1959இல் முடிவு வந்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளியோடு வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இந்த வெற்றியை மருந்தின் வெற்றியாக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றுதான். வீட்டுத் தரப்பைக் காப்பாற்றியது வேறொன்று. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பார்வையாளர், டப்பாவில் மீதி எத்தனை மாத்திரை என்று எண்ணுவார். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதிப்பார். மையத்தில் ஒரு பதிவேடு இருந்தது, அதில் வராதவரின் பெயரும் இருந்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அடையாறுப் பக்கம் இன்னொரு முயற்சி. மருத்துவப் பேராசிரியராக இருந்த கே.எஸ். சஞ்சீவி 1958இல் தன்னார்வ சுகாதார சேவை என்ற அமைப்பைத் தொடங்கினார். தரமணியில் பஸ் நிறுத்தத்துக்கே பெயராகிப் போன வி.எச்.எஸ். அதுதான். சஞ்சீவியின் யோசனையில் அலகு தனி நோயாளியல்ல, குடும்பம். ஒவ்வொரு குடும்பமும் வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா கட்டும், இல்லாதவர் குறைவாகக் கட்டுவார். அதற்குப் பதிலாக அந்தக் குடும்பத்தின் ஆரோக்கியத்துக்கு நிறுவனம் பொறுப்பு. பின்னர் ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் குறு நல மையங்களையும் அவர் அமைத்தார். இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, வந்தபோது மட்டும் காசு வாங்கினால் ஏழை வரமாட்டான் என்ற இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்த ஏற்பாடு அது. இந்தியாவில் முன்பணம் கட்டும் மருத்துவத்தின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்றான இதை, ஓ.எம்.ஆர். வழியாகத் தினமும் போகிற நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வராதவரைத் தேடும் இதே வேலையைத் தனி ஒரு டாக்டரும் செய்திருக்கிறார். வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம், கிளின்கோரக். அங்கே பொது மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1968இல் தன் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அழுத்தம் பார்த்து முடிக்கக் கிளம்பினார். வந்தவர்களுக்கு உடனே பார்த்தார், வராதவர்களைத் தேடிப்போனார். கால் நூற்றாண்டு இப்படி விடாமல் செய்துவிட்டுக் கணக்கெடுத்தபோது, பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிட்டால் 65 வயதுக்கு முந்தைய சாவுகள் இங்கே கணிசமாகக் குறைந்திருந்தன. மருத்துவ உதவி மிக அதிகம் தேவைப்படுகிறவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற 'தலைகீழ் விதி'யை 1971இல் எழுதியவரும் இவரே. பிரிட்டனில் ஒவ்வொரு பொது மருத்துவரிடமும் பதிவு செய்துகொண்ட மக்களின் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் அவருடைய வருமானத்தில் பெரும்பங்கு. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அது வரும்.

இப்போது மந்தைவெளி அறைக்குத் திரும்பலாம். அடையாறில் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கிளினிக் நடத்தும் ஒரு டாக்டரிடம் கேட்டேன்: "சுகர், பிரஷர் பேஷன்ட்ல மூணு மாசமா வராதவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" சிரித்தார். "தெரியும், மனசுல. ரெண்டு பேருக்கு போன் பண்ணியும் பார்த்தேன். ஒருத்தர் வீட்ல பையன் எடுத்தான். 'என்ன டாக்டர், கேஸ் கம்மியா?'ன்னு கேட்டான். விளையாட்டாத்தான் கேட்டான். அதுக்கப்புறம் நான் யாரையும் கூப்பிடல."

என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் மையம் அந்தப் பையனின் கேள்விதான். வருகைக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறவர் "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் அது ஆள் பிடிப்பதாகத் தெரிகிறது. சந்தா கட்டிய குடும்பத்தை வி.எச்.எஸ். கூப்பிட்டால் அப்படித் தெரியாது. பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஹார்ட் கூப்பிட்டபோதும் தெரியவில்லை. சேத்துப்பட்டில் மருந்தே இலவசம். வராதவரைத் தேடிய மூன்று இடங்களிலும் தேடுகிறவருக்கு வருகையால் காசு இல்லை. நம் தெரு டாக்டரின் மேசையில் பட்டியல் இல்லாததற்குச் சோம்பல் காரணமில்லை. அவர் பிழைக்கும் முறையில் அந்தப் பட்டியலுக்கு இடமில்லை.

கூப்பிடத் தயங்காத ஒரு தரப்பு இன்று உண்டு: பெரிய நீரிழிவு மையங்களும் பரிசோதனைக் கூடங்களும். "உங்கள் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது, இந்த வாரம் சலுகை" என்று குறுஞ்செய்தி வரும். கூச்சமில்லாமல் கூப்பிடுகிறார்கள் என்பதில் எனக்குக் கோபம் கிடையாது. வேலை நடக்கிறது. ஆனால் அந்தச் செய்தி போவது கட்டணம் கட்டக்கூடியவருக்கு. துணிப்பையில் உள்ள மற்ற டாக்டரின் சீட்டும் மூட்டு வலி மாத்திரையும் அந்தக் கணினிக்குத் தெரியாது.

அரசுப் பக்கம் மாற்றம் வந்திருக்கிறது. 2020இல் மாநிலம் முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம், நீரிழிவில் 10.8 சதவீதம். பாரதி நகர், திருமங்கலத்தின் 273இல் 20 என்பதும் ஏறத்தாழ 7.3தான். இருபது ஆண்டு இடைவெளி, வேறு மக்கள், வேறு முறை. எண் மட்டும் ஒன்று. தற்செயலாகவே இருக்கட்டும், படித்தபோது கொஞ்சம் திடுக்கிட்டேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2023-24இல் எடுத்த இரண்டாவது கணக்கெடுப்பில் கொதிப்பு 17 சதவீதம் பேருக்கும் நீரிழிவு 16.7 சதவீதம் பேருக்கும் கட்டுப்பட்டிருந்தது. இன்னும் ஆறில் ஐந்து பேர் வெளியேதான் என்றாலும், கொதிப்பில் இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. சேத்துப்பட்டுப் பார்வையாளரின் பேத்திகள் என்று இந்தப் பெண்களைச் சொல்லலாம்.

ஆனால் மாதாமாதம் தனியாரிடம் போகிறவர், அல்லது போகாமல் விட்டவர், பெரும்பாலும் இந்தத் திட்டத்தின் பட்டியலுக்குள் வர மாட்டார். காசநோய் என்றால் 2012 முதல் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தொற்றாத நோய்க்காக அரசாங்கம் ஒவ்வொருவர் பெயரையும் கேட்பதில் எனக்குச் சங்கடம் உண்டு. சந்தா என்ற சஞ்சீவியின் வழிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. தெரு டாக்டரிடமே ஒரு குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால், அவர் போன் செய்வது கடமையாகிவிடும். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பெயருக்கு ஒரு வரி, கடைசியாக வந்த தேதி. கம்பவுண்டருக்கு வாரத்தில் அரைமணி வேலை. ஒரு குடியிருப்போர் சங்கம் நினைத்தால் தொடங்கலாம்.

சங்கங்கள் நினைக்குமா என்ற சந்தேகத்துக்குப் பதில் தொடக்கத்தில் சொன்ன ஆய்விலேயே இருக்கிறது. திருமங்கலம் குடியிருப்பில் ஆய்வுக்காரர்கள் நீரிழிவைப் பற்றிப் பேசிவிட்டுப் போன பிறகு, அங்கிருந்தவர்கள் தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமானார்கள்.

பத்து ஆண்டு கழித்து ஆய்வுக்காரர்கள் அதே இரண்டு இடங்களுக்கும் மறுபடி போனார்கள். முதல் முறை திருமங்கலத்தில் நீரிழிவு 12.4 சதவீதம், பாரதி நகரில் 6.5. வறுமையும் உடலுழைப்பும் ஒரு வகையில் காப்பாக இருந்த காலம். இரண்டாம் முறை, பூங்கா வைத்த திருமங்கலம் 15.4இல் நின்றது. பாரதி நகர் 15.3.